கணவரை இழந்த தாயும் வேலையும்



சகோதரிகளே! இம்மாதப் பாடத்தை நாம் நூல்களை மட்டும் விரித்து வைத்துக்கொண்டு எழுதவில்லை. இதில் வரும் மஸ்அலாக்களில் பெரும்பாலானவை நம் வீட்டு வாசலிலேயே வந்து நின்றவை. நாம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்துகிறோம். வீட்டில் ஓர் ஆண் பிள்ளை, ஒரு பெண் பிள்ளை. பக்கவாதத்தால் இடது கையும் காலும் விழுந்துவிட்ட மாமியும் நம்முடன்தான் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் வளைகுடா நாடொன்றில் பதினொரு ஆண்டு வேலை பார்த்து, அங்கேயே வஃபாத்தாகி, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். அல்லாஹ் அவர்களுடைய கபுரை ஒளியாக்கி வைப்பானாக, ஆமீன்.

அவர்கள் மௌத்தானது ஒரு வெள்ளிக்கிழமை. நமக்குச் சொன்னது திங்கட்கிழமை. படுக்கையில் கிடக்கும் மாமியின் உடல்நிலையை எண்ணி, பக்குவமாகச் சொல்லலாம் என்று உறவினர்கள் மூன்று நாள் மறைத்து வைத்துவிட்டார்கள். அவர்கள் மீது நமக்கு வருத்தம் இல்லை. ஆனால், இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண வீட்டுக்குப் போய், தலையில் பூவும் வைத்து, அத்தரும் பூசி, வயிறார உண்டு சிரித்துப் பேசிவிட்டு வந்திருந்தோம். பின்னர் அதை நினைத்து நினைத்து நாம் அழுத அழுகையை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

யாஸீன் ஓத வந்த எங்கள் மஹல்லா இமாம் ஹஜ்ரத் அவர்களிடம், திரைக்குப் பின்னால் இருந்து நாம் முதலில் கேட்ட கேள்வியே இதுதான். இத்தாவில் இருக்க வேண்டிய நாளில் பூ வைத்துவிட்டோமே, குற்றமாகுமா? எந்த நாளிலிருந்து கணக்கிடுவது?

இத்தா கணவர் மௌத்தான நாளிலிருந்தே தொடங்குகிறது. செய்தி வந்து சேர்ந்த நாளிலிருந்து அன்று. நான்கு மத்ஹபின் இமாம்களும் இவ்வாறே கூறுகிறார்கள். வெளிநாட்டில் இறந்த கணவரின் செய்தி இத்தாவின் தவணை முழுவதும் கழிந்த பிறகே ஒரு பெண்ணுக்குக் கிடைத்தால், அவள் இத்தா முடிந்தவளாகவே கருதப்படுவாள். அறியாமல் பூ வைத்ததற்குக் குற்றம் இல்லை. இதைக் கேட்ட பிறகுதான் நமக்கு மூச்சு வந்தது. நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளின் ஆண்கள் கடல் கடந்து இருக்கிறார்கள். ஆகவே இந்த மஸ்அலாவை ஒவ்வொரு வீடும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

தவணை எவ்வளவு என்பது எல்லோரும் அறிந்ததே. அல்பகரா அத்தியாயத்தின் 234-ஆம் வசனப்படி நான்கு மாதமும் பத்து நாளும். ஆங்கில மாதக் கணக்கன்று, பிறைக் கணக்கு. கர்ப்பிணியாக இருந்தால், பிள்ளை பிறக்கும் வரை என்று அத்தலாக் அத்தியாயத்தின் 4-ஆம் வசனம் கூறுகிறது. ஸுபைஆ (ரலி) என்னும் ஸஹாபிப் பெண்மணி, கணவர் வஃபாத்தான சில நாட்களிலேயே பிள்ளை பெற்றார்கள். பிறகு தம்மை அலங்கரித்துக்கொண்டபோது ஒருவர் அதைக் கண்டித்தார். அவர்கள் நேரே நபி (ஸல்) அவர்களிடம் போய்க் கேட்க, இத்தா முடிந்துவிட்டது என்றும் விரும்பினால் மணந்துகொள்ளலாம் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். கண்டித்தவர் சொன்னதைக் கேட்டு மூலையில் உட்கார்ந்துவிடாமல், கேட்க வேண்டிய இடத்தில் போய்க் கேட்டார்களே, அதை நாம் கவனிக்க வேண்டும்.

இருட்டறையும் வெள்ளைச் சேலையும்

இத்தா என்ற பெயரில் நம் வீடுகளில் நடப்பவற்றையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. அறையின் சன்னலை அடைக்கிறார்கள். கண்ணாடியைத் துணியால் மூடுகிறார்கள். வெள்ளைச் சேலைதான் உடுத்த வேண்டும் என்கிறார்கள். சிறு பையன்கள் வாசற்படியில் எட்டிப் பார்த்தாலும் விரட்டுகிறார்கள். நம் வீட்டில் முறையில் பெரியம்மாவான ஒருவர், நம்முடைய பதின்மூன்று வயது மகனையே அறைக்குள் விடக்கூடாது என்று கம்பைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெற்ற தாய்க்கு மகன் மஹ்ரம் இல்லை என்றால் உலகத்தில் வேறு யார்தான் மஹ்ரம்? வாப்பாவை இழந்த பிள்ளை உம்மாவின் மடியில் தலை வைத்து அழவும் கூடாதாம்!

ஷரீஅத் கேட்பது இவ்வளவுதான். இத்தா முடியும் வரை நறுமணம் பூசுவதில்லை. சுர்மா இடுவதில்லை. அழகுக்காகச் சாயமேற்றிய ஆடை, நகை, மருதாணி இவை வேண்டாம். கணவரோடு வாழ்ந்த வீட்டிலேயே தங்க வேண்டும். வேறொருவர் மணம் பேசுவதை ஏற்கக்கூடாது. மஹ்ரம் அல்லாத ஆண்கள் முன் வரக்கூடாது என்பது இத்தா இல்லாத நாளிலும் உள்ள சட்டந்தானே? குளிக்கலாம், தலை வாரலாம், சமைக்கலாம், சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். வெள்ளைச் சேலை என்பது நம்மைச் சுற்றியுள்ள வழக்கத்திலிருந்து நம் வீட்டுக்குள் வந்தது. ஹதீஸில் அதற்கு இடமில்லை.

அறியாமைக் காலத்து அரபிகளிடமும் இப்படி ஒரு கொடுமை இருந்தது. கணவர் இறந்த பெண்ணை ஒரு சிறு குடிசையில் அடைத்து, இருப்பதிலேயே மோசமான உடையைக் கொடுத்து, ஓராண்டு முழுவதும் வைத்திருப்பார்கள். அதைத்தான் நாயகம் (ஸல்) அவர்கள் ஒழித்தார்கள். இந்தச் செய்தியை ஹதீஸ் நூல்களில் நமக்கு அறிவிப்பவர் யார் தெரியுமா? ஸைனப் பின்த் அபீஸலமா (ரலி) அவர்கள். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவர்களிடம் திரும்பி வருவோம்.

பகலில் வெளியே போகலாமா?

வீட்டுக்காரர் மௌத்தாகிப் பதினைந்து நாள் கழிந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. மேற்கொண்டு விடுப்பு தர வழியில்லை, ஒன்றாந்தேதிக்குள் வராவிட்டால் வேறொருவரை அந்த இடத்தில் போட்டுவிடுவோம் என்று தாளாளர் சொல்லி அனுப்பினார். எந்தப் பள்ளி என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. அடுத்த மாதச் செலவுக்கும் மாமியின் மருந்துக்கும் நம் கையில் இருந்தது அந்தச் சம்பளம் ஒன்றுதான்.

வந்திருந்த பெண்களில் பாதிப் பேர், ரிஸ்கை அளிப்பவன் அல்லாஹ், நான்கு மாதம் பொறுத்துக்கொள் என்றார்கள். மீதிப் பேர், காலம் மாறிவிட்டது, இதையெல்லாம் பார்த்தால் பிழைக்க முடியுமா என்றார்கள். இரு சாராருமே சட்டம் என்னவென்று பார்க்கவில்லை. நாமும் அன்றுவரை பார்த்திருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

சட்டம் இரண்டு ஹதீஸ்களின் மீது நிற்கிறது. ஃபுரைஆ பின்த் மாலிக் (ரலி) அவர்களின் கணவர் கொல்லப்பட்டபோது, தாய் வீட்டுக்குப் போய்விடலாமா என்று கேட்டார்கள். தவணை முடியும் வரை அதே வீட்டில் இருக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஆகவே குடியிருப்பை மாற்றக்கூடாது. உஹதுப் போரில் கணவர்களை இழந்த பெண்கள், தனிமை வாட்டுகிறது என்று முறையிட்டபோது, பகலில் ஒருவர் வீட்டில் கூடிப் பேசிக்கொண்டிருக்கவும், உறங்கும் நேரத்தில் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடவும் அனுமதித்தார்கள் என்று மற்றோர் அறிவிப்பு வருகிறது. ஆகவே தேவைக்காகப் பகலில் வெளியே போகலாம். இரவு தன் வீட்டில் தங்க வேண்டும்.

நம் நாட்டில் ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் இருக்கிறோம். இந்த மஸ்அலாவில் இரு மத்ஹபும் ஏறத்தாழ ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. கணவரை இழந்தவளுக்கு நஃபகா கொடுக்க ஆள் இல்லை, தன் பிழைப்பைத் தானே பார்க்க வேண்டியவள், எனவே பகலில் வெளியேறலாம் என்று ஹனஃபி நூல்கள் காரணம் சொல்கின்றன. ஷாஃபிஈ நூல்களில் உணவு வாங்குவதும் நூல் வாங்குவதும் உதாரணமாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. அது மட்டுமா? நூற்பதற்காகவும் பேச்சுத் துணைக்காகவும் இரவில் பக்கத்து வீட்டுக்குப் போகலாம், ஆனால் உறங்க வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். அக்காலத்து மார்க்க அறிஞர்கள் கைம்பெண்ணின் இராட்டையையும் அவளுடைய தனிமையையும் சேர்த்தே நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்!

தலாக் சொல்லப்பட்டவளின் நிலை சற்று வேறு. அவளுக்கு இத்தா முடியும் வரை முன்னாள் கணவர் நஃபகா கொடுக்கக் கடமைப்பட்டிருப்பதால், வெளியே போவதற்கு ஹனஃபிகள் இடம் தருவதில்லை. ஆனால் முழுத் தலாக் ஆன பெண்ணைப் பற்றி ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. ஜாபிர் (ரலி) அவர்களின் சிறிய தாயார் தலாக்கான பிறகு தம் பேரீச்ச மரங்களின் காய்களை வெட்டப் போக எண்ணினார்கள். ஒருவர் அதட்டித் தடுத்தார். நாயகம் (ஸல்) அவர்களோ போய் வெட்டிக்கொள்ளச் சொன்னதோடு, அதிலிருந்து அவர்கள் தர்மமும் நன்மையும் செய்யக்கூடுமே என்றும் சொன்னார்கள். ஷாஃபிஈ மத்ஹபு இதை ஆதாரமாகக் கொள்கிறது. மரத்தடிக்குப் போகும் பெண்ணைக் குறித்து, இவள் பிழைத்துக்கொள்வாள் என்பதோடு நிறுத்தாமல், இவள் கொடுப்பவளாகவும் ஆவாள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணியதைப் பாருங்கள்.

ஹஜ்ரத் அவர்களின் பதிலைப் பெற்றுக்கொண்டு ஒன்றாந்தேதி நாம் பள்ளிக்கூடம் போனோம். சாதாரணச் சேலை, அதன்மேல் கறுப்புப் புர்கா. அத்தர் இல்லை, வளையல் இல்லை. மணி அடித்ததும் வேறெங்கும் நிற்காமல் வீடு. ஆசிரியைகள் நடத்திய ஒரு பிரிவுபசார விருந்துக்கு அழைத்தார்கள்; போகவில்லை. அது தேவையில் சேராது.

சம்பளம் யாருக்கு?

வேலைக்குப் போகத் தொடங்கியதும் அடுத்த பிரச்சினை வந்தது. கொழுந்தனார்மார் இருவர். தங்கமானவர்கள்தாம். ஆனாலும் நாற்பதாம் நாள் கழிந்ததும் மூத்தவர் சொன்னார்: "இனிமே உங்க சம்பளமும் வீட்டுக்குப் பொதுதானே மச்சி. அண்ணன் பணமும் என்கிட்டயே இருக்கட்டும். புள்ளைங்க பெருசானதும் பாத்துக்கலாம்."

மனத்தில் கள்ளமில்லாமல் சொன்ன பேச்சுதான். ஆனால் அதில் மூன்று தவறுகள் இருந்தன. மனைவியின் சம்பாத்தியம் அவளுக்கே சொந்தம். அது மையித்தின் சொத்தில் சேராது. அடுத்து, மஹர். நிக்காஹ் தஃப்தரில் நமக்கு இரண்டு பவுன் என்று எழுதியதோடு சரி, கைக்கு வரவில்லை. (கைக்கூலியை மட்டும் நாள் தவறாமல் எண்ணி வாங்கும் சமுதாயம், மஹரை எழுத்தோடு விட்டுவிடுகிறது. அதைப் பற்றித் தனியே ஒரு பாடம் எழுத வேண்டும்.) கொடுபடாத மஹர் கணவர் மீதுள்ள கடன். மற்றக் கடன்களோடு சேர்த்து அதையும் தீர்த்து, வஸிய்யத்து இருந்தால் அதையும் நிறைவேற்றிய பிறகே பாகம். மூன்றாவது, மகன் இருக்கும்போது மையித்தின் சகோதரர்களுக்குப் பங்கே கிடையாது. அன்னிஸா அத்தியாயத்தின் 11, 12-ஆம் வசனங்களின்படி, பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. தாய்க்கு ஆறில் ஒன்று. மீதி, மகனுக்கு இரண்டு பங்கும் மகளுக்கு ஒரு பங்குமாக.

கணக்கு வாத்தியாராக இருப்பது அன்று உதவியது. எழுபத்திரண்டு பங்காக்கினால் நமக்கு 9, மாமிக்கு 12, மகனுக்கு 34, மகளுக்கு 17. ஒரு தாளில் எழுதிக் கொழுந்தனார் கையில் கொடுத்தோம். வாங்கிப் பார்த்தவர் வெகு நேரம் பேசவில்லை. மறுநாள் ஹஜ்ரத் அவர்களையும் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவரையும் அழைத்துவந்து, அதே கணக்குப்படி பாகம் பிரித்து, பிள்ளைகளின் பங்கை அவரவர் பெயரில் எழுதி வைத்தது அவரேதான். அநாதையின் பொருளைக் குறித்து அதே அத்தியாயத்தின் 10-ஆம் வசனத்தில் உள்ள எச்சரிக்கையை எண்ணி அன்று இரவெல்லாம் உறங்கவில்லை என்று பின்னொரு நாள் சொன்னார். பெண்கள் வாய் திறந்து கேட்காததால் எத்தனை நல்ல மனிதர்கள் அறியாமலே அநாதையின் பொருளைத் தின்றுகொண்டிருக்கிறார்களோ!

சம்பளம் நம்முடையது என்று தெரிந்த பிறகு நாம் அதைத் தனியே முடிந்து வைத்துக்கொண்டோமா? இல்லை. அரிசி, பருப்பு, பிள்ளைகளின் படிப்பு, மாமியின் மருந்து என்று அத்தனையும் அதிலிருந்துதான் போயிற்று. முன்பும் போயிற்று, இப்போதும் போகிறது. ஆனால், கட்டாயம் கொடுத்தாக வேண்டிய பணம் என்று எண்ணிக் கொடுப்பது வேறு. நம்முடையதை அல்லாஹ்வுக்காகச் செலவிடுகிறோம் என்று கொடுப்பது வேறு. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) அவர்கள், கணவருக்கும் தம் பொறுப்பிலுள்ள அநாதைகளுக்கும் செலவிடுவது தர்மமாகுமா என்று பிலால் (ரலி) மூலம் கேட்டார்கள். இரண்டு நன்மை உண்டு என்று பதில் வந்தது. உறவைப் பேணிய நன்மை ஒன்று, தர்மத்தின் நன்மை மற்றொன்று.

இதைவிட நம் நெஞ்சைத் தொட்ட கேள்வி அன்னை உம்முஸலமா (ரலி) அவர்களுடையது. முந்திய கணவரான அபூஸலமா (ரலி) அவர்களின் பிள்ளைகளுக்குத் தாம் செய்யும் செலவுக்கு நன்மை கிடைக்குமா என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். அவர்கள் என் பிள்ளைகள்தாமே, அவர்களை விட்டுவிடவா முடியும் என்ற தயக்கத்தோடுதான் கேட்டார்கள். பெற்ற பிள்ளைக்குச் செய்வதற்குக் கூலி கேட்பதா என்ற வெட்கம் அது. செலவிட்டதற்கு உண்டான நன்மை உங்களுக்கு உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் பதில் அளித்தார்கள். காலையில் இட்லித் தட்டோடும் மாலையில் விடைத்தாள் கட்டோடும் ஓடும் எந்தத் தாய்க்கும் இந்த ஹதீஸ் தெரிந்திருக்க வேண்டும்.

மாமியின் கவலை

மாமியின் விஷயத்தை எழுதக் கொஞ்சம் தயக்கமாகவே இருக்கிறது. அவர்களின் அனுமதியோடுதான் எழுதுகிறோம். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வந்துவிடும். பகலில் நாம் பள்ளிக்கூடத்தில். இரவில் எழுந்து எழுந்து திருப்பினோம். விளைவு, சுபுஹுத் தொழுகை களாவாகத் தொடங்கியது. வாரத்தில் இரண்டு நாள், பிறகு நான்கு நாள். கண் விழிக்கும்போது வெயில் முகத்தில் அடிக்கும். உறங்கிப்போனவர் விழித்ததும் தொழ வேண்டும் என்பது தெரிந்ததே, தொழுதோம். ஆனால் பணிவிடை செய்கிறோம் என்ற பெயரில் பர்ளு கைவிட்டுப் போவது நெஞ்சை அரித்தது. இதற்கும் ஹஜ்ரத் அவர்களிடம்தான் போனோம், தொழுகையைப் பற்றி ஏதாவது சலுகை சொல்வார்கள் என்று.

அவர்கள் தொழுகையைப் பற்றிப் பேசவே இல்லை. "அந்தம்மாவுக்குப் பிள்ளைகள் எத்தனை பேரும்மா?" என்று கேட்டார்கள். உயிரோடிருப்பவர்கள் இரண்டு மகன்கள், ஒரு மகள் என்றோம். தாயைப் பராமரிப்பது பெற்ற பிள்ளைகளின் கடமை. மருமகளுக்கு ஷரீஅத் அதைக் கடமையாக்கவில்லை. மருமகள் செய்வது முழுக்க இஹ்ஸான், நற்செயல். அதை அவர்கள் ஏற்கெனவே செய்துவருவதைக் காட்டி, கடமை உள்ளவர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. இதை அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு கொழுந்தனார்மாரிடமும் அவர்களே சொன்னார்கள். இப்போது பகலில் பார்த்துக்கொள்ளப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெத்தா வருகிறார். அவர் கூலியை மகன்மார் இருவரும் தருகிறார்கள். வெள்ளியும் சனியும் மகள் வந்து தங்குகிறார். மாமி ஆறில் ஒரு பங்கு கிடைத்தவர் என்பதால், தம் பணத்திலிருந்தும் செலவிடச் சொல்கிறார்கள்.

விடியற்காலை முறை நம் மகனுடையது. நான்கு மணிக்கு எழுந்து பெரியம்மாவைத் திருப்பிவிட்டு, அப்படியே பள்ளிவாசலுக்குப் போய்விடுகிறான். போகும்போது நம்மையும் எழுப்பிவிடுவான். தட்டுகளைக் கழுவுவதும் அவன்தான். கம்போடு உட்கார்ந்திருந்த அதே உறவுக்காரர், "ஆம்பளப் புள்ளைய இப்படியா வளக்கிறது?" என்றார். வீட்டில் இருக்கும்போது நாயகம் (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டவருக்கு, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து போவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பதில் சொன்னதை அவருக்கு எடுத்துச் சொன்னோம். செருப்பைத் தாமே தைத்தார்கள், ஆட்டில் பால் கறந்தார்கள். அவர் பதில் சொல்லவில்லை, கேட்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை.

மாமிக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. இத்தா முடிந்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விடுவோம் என்று. போக நமக்கு உரிமை உண்டு. அது அவர்களுக்கும் தெரியும். கேட்காமலே இருந்தார்கள். உட்கார முடியாததால் படுத்தபடியே சைகையால் தொழுபவர்கள்; தொழுத பிறகு துஆவில் நம் பெயரைச் சொல்லும் சத்தம் மட்டும் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும்.

அன்னையின் மூன்று தயக்கங்கள்

இத்தா முடிந்தவள் மறுபடி மணப்பதை நம் சமுதாயம் வாயளவில் ஹலால் என்கிறது. மனத்தளவில் முகம் சுளிக்கிறது. பிள்ளைகளோடு இருப்பவள் என்றால் கேட்கவே வேண்டாம். இத்தாவின்போது வெளிப்படையாகப் பெண் கேட்கக்கூடாது, குறிப்பாக உணர்த்தினால் குற்றமில்லை என்று 2-ஆம் அத்தியாயம் 235-ஆம் வசனம் கூறுகிறது. அப்படியானால் இத்தா முடிந்த பின் பேசுவது இயல்பான காரியம் என்றுதானே பொருள்?

அன்னை உம்முஸலமா (ரலி) அவர்களின் வரலாற்றை முழுவதுமாகப் படிக்க வேண்டும். மதீனாவுக்கு ஹிஜ்ரத் புறப்பட்டபோது பிறந்த குலத்தார் அவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கணவரின் குலத்தாரோ பிள்ளையை இழுத்துக்கொண்டார்கள். அந்த இழுப்பில் குழந்தையின் கை பிசகிவிட்டது. கணவர் மதீனாவில், பிள்ளை வேறிடத்தில், தாம் மக்காவில். ஓராண்டளவும் நாள்தோறும் ஊருக்கு வெளியே போய் அழுதார்கள். கடைசியில் இரக்கப்பட்டு விட்டபோது, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒட்டகத்தில் தனியே புறப்பட்டார்கள். தன்யீம் என்னுமிடத்தில் எதிர்ப்பட்ட உஸ்மான் பின் தல்ஹா, அப்போது முஸ்லிமாகியிராத நிலையிலும், கண்ணியமாகக் குபா வரை துணை வந்தார். அங்கே கணவரோடு வாழ்ந்த காலமும் நீடிக்கவில்லை. உஹதில் பட்ட காயம் மீண்டும் திறந்து, ஹிஜ்ரி 4-இல் அபூஸலமா (ரலி) வஃபாத்தானார்கள். சோதனையின்போது ஓத நாயகம் (ஸல்) கற்றுத் தந்த துஆவில் இதைவிடச் சிறந்ததைப் பகரமாகத் தா என்று கேட்கும் இடம் வந்தபோது, அபூஸலமாவைவிடச் சிறந்தவர் யார் இருக்கிறார் என்று அவர்கள் மனம் தயங்கியது. தயங்கிக்கொண்டே ஓதினார்கள்.

இத்தா முடிந்து நாயகம் (ஸல்) அவர்கள் மணம் பேசியபோது மூன்று காரணங்களைச் சொன்னார்கள். எனக்கு ரோஷம் அதிகம், வயதாகிவிட்டது, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று. ரோஷம் நீங்க அல்லாஹ்விடம் துஆ செய்கிறேன், வயது எனக்கும் ஆகிவிட்டது, பிள்ளைகளுக்கு நான் பொறுப்பு என்ற கருத்தில் பதில் வந்தது. பிள்ளைகளைத் தாய் வீட்டில் விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. அவர்களில் ஒருவரான உமர் பின் அபீஸலமா (ரலி) சிறுவனாக நாயகத்தின் மடியருகே உட்கார்ந்து உண்ணும்போது, கை தட்டெல்லாம் சுற்றி வருமாம். பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், தன் பக்கமிருந்து உண்ணும்படி நாயகம் (ஸல்) சொல்லிக் கொடுத்தார்கள். நம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுக்கும் இந்த ஒழுக்கம், தகப்பனை இழந்த ஒரு வளர்ப்புப் பிள்ளைக்குச் சொல்லப்பட்டதாகவே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மணம் முடிந்தபோது மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த கைக்குழந்தைதான், முன்பு நினைவில் வைக்கச் சொன்ன ஸைனப். வளர்ந்தபின் மதீனாவில் சட்ட ஞானம் மிகுந்த பெண்மணிகளில் ஒருவரானார்கள். இத்தாவின் துக்கச் சட்டத்தைப் பேசும் எந்த நூலும் அவர்களின் அறிவிப்பைத் தொடாமல் போவதில்லை.

நாம் மறுமணம் செய்துகொள்ளப் போகிறோமா என்று சில சகோதரிகளுக்குக் கேட்கத் தோன்றும். அது இப்பாடத்துக்கு வேண்டியதில்லை.

இத்தா முடியும் நாள் வந்தது. பிறைக் கணக்கை மகள்தான் நாட்காட்டியில் குறித்து வந்தாள். மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது மாமி கூப்பிட்டார்கள். தலையணைக்கு அடியில் வாழை இலைத் துண்டில் சுற்றிய ஒரு முழம் மல்லிகைப் பூ. பெத்தாவிடம் காசு கொடுத்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் மாமனார் மௌத்தானதிலிருந்து தம் தலையில் ஒரு பூ வைக்காதவர்கள் அவர்கள். வைக்கக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"கூடும்தானே?" என்று கேட்டார்கள்.

"கூடும் மாமி. உங்களுக்கும் கூடும்" என்றோம்.

ஒரு முழத்தை இரண்டாகக் கிள்ளி, ஒரு பாதியை அவர்களின் தலையணை ஓரத்தில் வைத்தோம். பள்ளிக்கூடத்தில் நாம் பர்தாவுக்குள் இருப்பவர்கள் என்பதால், நம்முடைய பாதி மாலையில் வீடு திரும்பும் வரை தண்ணீர் தெளித்த இலையிலேயே இருந்தது.